தங்கள் பொறுமைக்கு நன்றி

என் மாமனார் வாயால் பிழைத்தவர். கிண்டலாகச் சொல்லவில்லை, அவர் தொழிலே ஏலம் விடுவதுதான். கண்ணாடி போன பீரோ, கால் ஒடிந்த கட்டில், ஒரு கட்டை மட்டும் பாடாத பியானோ என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும், சுத்தியலைக் கையில் எடுத்து அவர் வாயைத் திறந்தால் வாங்க வந்தவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், நமக்கு எதற்கு இந்தப் பியானோ என்று தோன்றும்.

வீட்டில் மாமியாருக்கும் யோசிக்க நேரம் கிடைக்காது. ஆனால் அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. திரைச்சீலை தைப்பவர் அவர். மெஷினை மிதித்தபடியே, தையல் கோணாமல், தலை நிமிராமல் பதில் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான். புதிதாகக் கேட்பவன் போலீசைக் கூப்பிட்டுவிடுவான். போகப்போகத்தான் புரியும், அது அந்த வீட்டு ரேடியோ. ஓடிக்கொண்டிருந்தால் எல்லோரும் சௌக்கியம் என்று அர்த்தம்.

போன வருடம் மாமனார் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியை எடுத்தார்கள். கூடவே குரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. உடம்பு தேறிவிட்டது, நடை பழையபடி வந்துவிட்டது, பசி முன்னைவிட அதிகமாகவே வந்துவிட்டது. ரேடியோ மட்டும் நின்றுபோனது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகன் ஒருவன் குடும்பத்தில் இருக்கும்போது இப்படி விடலாமா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். ஒரு பெட்டி செய்தேன். கையடக்கமான பெட்டி. தட்டுவதற்கு எழுத்துகள், மேலே ஒரு வரி மட்டும் தெரியும் சின்னத் திரை, பக்கத்தில் ஸ்பீக்கர். அவர் தட்டுவார், அது பேசும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. நான் அவ்வளவோடு நிறுத்துகிறவன் என்றால் என் மனைவி என்னைப் பற்றித் தன் தங்கையிடம் இவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்காது.

என் தொழிலில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று பொதுவில் போட்டிருப்பான். அதற்கு பேக்கேஜ் என்று பெயர். ஒரு வரியில் பெயரைச் சொன்னால் போதும், வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே சிக்கல், தனியாக வராது. அதற்கு வேண்டியவர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் என்று மொத்தக் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் என் மனைவி கேட்டாள். “அப்பா வெளிய கெளம்பறப்ப மழை வருமான்னு சொல்ற மாதிரி வைங்களேன்.” வைத்தேன். கொழுந்தியாள், அப்பா எத்தனை அடி நடந்தார் என்று தெரிய வேண்டும் என்றாள். சேர்த்தேன். சொந்தக்காரர்களின் பிறந்தநாள் வந்தால் பெட்டி பாட்டுப் பாட வேண்டும் என்பது யாரும் கேட்காமல் எனக்கே தோன்றியது. எதற்கும் இருக்கட்டும் என்று பத்து விதமான குரல்கள். எழுத்துப் பிழை திருத்த ஒன்று. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்ற இரண்டு சொற்களை என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் நான் எவ்வளவோ முன்னேறியிருப்பேன்.

பெட்டியை அவர் கையில் கொடுத்த அன்று இரவுச் சாப்பாட்டில் சூப் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, மாமனார் பெட்டியை எடுத்து உற்சாகமாகத் தட்டினார். பெட்டி பேசவில்லை. திரையில் நாளைய வெயில் ஓடியது. நாங்கள் காத்திருந்தோம். அப்புறம் காத்திருக்காமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

மாமியார்தான் கேட்டார். “ஏங்க, அந்தப் பழைய சாய்வு நாற்காலியத் தூக்கிப் போட்டுடலாமா? சாமான் வண்டிக்காரன் காலைல வரான்.”

அப்போதுதான் பெட்டி வாய் திறந்தது. தேன் தடவிய ஒரு பெண்குரல்.

“மிகவும் நன்றாக உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி.”

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். ஏலக்கூடத்திலிருந்து மாமனார் தனக்கென்று எடுத்துவந்த ஒரே பொருள் அந்த நாற்காலி. அதைப் பற்றி வருடக்கணக்காக நடந்த சண்டை இப்படி ஒரே வரியில் முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. மாமனார் மேசையைத் தட்டினார், தலையை ஆட்டினார், மறுபடியும் வேகமாகத் தட்டினார். வெகுநேரம் கழித்துப் பெட்டி சொன்னது: “தங்கள் மேலான கருத்தை மதிக்கிறோம்.”

“பாருங்க, எவ்ளோ மரியாதையா சொல்றாரு,” என்றேன் நான்.

காலையில் நாற்காலி போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு புது மனிதர் குடிவந்தார். எதைக் கேட்டாலும் தாமதமாக, எதைச் சொன்னாலும் தன்மையாக. மாமனாரின் முகம் நெருப்பு மாதிரி இருக்கும், விரல்கள் பெட்டியைக் குத்திக் கிழிக்கும், கடைசியில் பெட்டி, “மகிழ்ச்சியுடன் உதவக் காத்திருக்கிறோம்” என்று சொல்லும்.

“ஆபரேஷன்ல குரலோட சேத்து குணத்தையும் எடுத்துட்டாங்க போல,” என்றாள் என் மனைவி. அவள் குரலில் லேசான மகிழ்ச்சி இருந்தது.

மாமியாருக்கு மகிழ்ச்சி இல்லை. ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மாப்பிள்ள, உள்ளதச் சொல்லுங்க. டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?”

“என்ன அத்தை சொல்றீங்க?”

“நேத்து பாலைப் பொங்க விட்டுட்டேன். அடுப்பெல்லாம் பால். இவரு வந்து பாத்துட்டு, ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’னாரு. நல்லா இருக்கற மனுஷன் பேசற பேச்சா இது? நாள் எண்ணிட்டு இருக்கறவங்கதான் இப்படித் திடீர்னு நல்லவங்களாயிடுவாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை. மாமா பக்குவப்பட்டுட்டாரு.”

“அவரா?” என்றார் மாமியார். அந்த ஒரு சொல்லில் முப்பது வருட அனுபவம் இருந்தது.

அந்த வாரமே மாமனார் பெட்டியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார். ஏலச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் கூடாது. என்னைப் பார்த்தால் எண்ணிக்கையில்லாமல் தட்டுவார். எழுதிக் காட்டச் சொன்னால், அவர் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், அவருக்கே படிக்க வராது. ஒரே ஒரு தடவை என் கண்ணெதிரே பெரிதாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்டினார். ‘துரோகி’ என்று இருந்தது. நாற்காலிக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமியார் பையை எடுத்தார். சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போகிறாராம். எப்போது திரும்புவார் என்று கேட்டால், இன்னொரு புடவையை எடுத்து உள்ளே வைத்தார்.

“பேசாத மனுஷனோடகூட இருந்துடலாம்மா,” என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “என்னை யாரோ மூணாவது மனுஷி மாதிரி மரியாதையாப் பேசிட்டு, இப்ப அதுவும் வேணாம்னு சுத்தியலைத் தட்டிட்டு ஒக்காந்திருக்காரே, அதுதான் தாங்கல. நான் வேண்டாதவளாப் போயிட்டேன். தெரியுது.”

மனைவி அன்று இரவு என்னிடம் ஒரே வரிதான் சொன்னாள். “உங்க பெட்டிதானே, நீங்களே சரி பண்ணுங்க. அம்மா அந்த வாசலைத் தாண்டக் கூடாது.”

எங்கள் அலுவலகத்தில் லிஃப்டுகளுக்கு நிரல் எழுதுகிறோம். எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லும் நிரல். அதில் தேவையில்லாததை வெட்டி எறிய ஒருத்தி இருக்கிறாள். அவளை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். என்னோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவள். நான் சேர்ப்பதை அவள் வெட்டுவாள். இப்படியாக இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை.

மாமனாரின் இழுப்பறையிலிருந்து எடுத்துவந்த பெட்டியை வெள்ளிக்கிழமை மதியம் அவள் மேசையில் வைத்தேன். கம்ப்யூட்டரில் மாட்டினாள். உள்ளே யார் யார் இருக்கிறார்கள், யார் யாரைக் கூட்டிவந்தார்கள் என்று காட்டச் சொன்னாள். பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. அவள் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தன.

“இது பேசற பெட்டியா, இல்ல ரயில்வே ஸ்டேஷனா?” என்றாள்.

“கொஞ்சம் கூட்டந்தான்.”

“இந்த நிலா தேய்றது வளர்றது பாக்கற பேக்கேஜ் எதுக்கு?”

“நான் போடலயே! மழைக்காரன் கூட்டிட்டு வந்திருப்பான்.”

“உங்க மாமனாரு ஒரு வார்த்தை பேசணும்னா மொதல்ல நிலா என்ன நெலைமைல இருக்குன்னு பாத்துட்டுத்தான் பேசறாரு. தெரியுமா? அப்புறம் எத்தனை அடி நடந்தாருன்னு கணக்கு. அப்புறம் பத்து குரலையும் எழுப்பி, வரிசையா நிக்க வெச்சு, அதுல ஒண்ணைப் பொறுக்குது. நடுவுல அவரு போய்த் தூங்கி எந்திரிச்சு வரலாம்.”

“வெட்டு,” என்றேன். வலித்தது. பிறந்தநாள் பாட்டு என் சொந்தக் கற்பனை.

ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததும் ஒருமுறை பேச வைத்துப் பார்ப்பாள். மழை போனது, பெட்டி பேசியது. அடிக்கணக்கு போனது, பேசியது, இன்னும் சீக்கிரமாகவே. பிறந்தநாளை எடுத்ததும் பெட்டி ஊமையாகிவிட்டது.

“ஐயோ, போச்சா?”

“கத்தாதீங்க. ஸ்பீக்கர்ல சத்தம் வர வெக்கறது யாரு? பாட்டுப் பாடறதுக்காக அந்தப் பிறந்தநாள் பேக்கேஜ் ஒருத்தனக் கூட்டிட்டு வந்திருக்கு. நீங்க பாட்டுக்கு, இருக்கானேன்னு அவனையே எல்லா வேலைக்கும் வெச்சுக்கிட்டீங்க. வெச்சுக்கிட்டதை எங்கயும் சொல்லவும் இல்ல. இப்ப கூட்டிட்டு வந்தவன் போனான், அவனும் பின்னாடியே போயிட்டான்.”

“இப்ப என்ன பண்றது?”

“அவன நேரா கூப்பிட்டா வந்துட்டுப் போறான்.”

கூப்பிட்டாள். வந்தான். பெட்டி மறுபடியும் பேசியது, இந்த முறை தட்டிய விரலை எடுக்கும் முன்பே. நான் துள்ளிக் குதித்தேன். சோதித்துப் பார்க்கட்டுமே என்று பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். கத்தரி யோசித்து, ‘நீ ஒரு தண்டம்’ என்று தட்டினாள்.

“தாங்கள் எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்,” என்றது பெட்டி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“நான் தண்டம்னுதானே அடிச்சேன்?”

“ஆமா, பாத்தேன்.”

குரல் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தாள். புகார் சொல்லி போன் செய்கிறவர்களிடம் பேசும் கம்பெனிகளுக்காக யாரோ எழுதியது அது. அங்கே வேலை செய்கிறவர்கள் எரிச்சலில் என்ன தட்டினாலும், அதை மரியாதையாக மாற்றிப் பேசுவதற்கு ஒரு வசதி உள்ளேயே இருந்தது. வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம். சொல்லாவிட்டால், தானாகவே எரிந்துகொண்டிருக்கும். நான் அணைக்கவில்லை. இருப்பதே எனக்குத் தெரியாது. எதையும் படித்துப் பார்க்காமல் ‘சரி, சரி’ என்று அமுக்கிக்கொண்டே போகிற ஜாதி நான்.

கத்தரி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் இத்தனை நாளாக என்னவெல்லாம் தட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ‘நாற்காலியைத் தொடாதே’ என்று தட்டியிருப்பார். ‘இந்தப் பெட்டி நான் சொல்லாததைச் சொல்லுது’ என்று தட்டியிருப்பார். அதையும் அது நன்றி சொல்லி முடித்திருக்கும். குரலைத்தான் டாக்டர் எடுத்தார். மிச்சமிருந்த மனுஷனைப் பெட்டிக்குள் போட்டு, வாய்க்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்குப் பூ வைத்துக் கொடுத்தது நான்தான். குடும்பமே பேசி வைத்துக்கொண்டு தன்னைத் திருத்துவதாக அவர் நினைத்திருக்க வேண்டும். துரோகி என்றதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை.

“அணைச்சுடு,” என்றேன்.

“அணைச்சா இந்தத் தேன் குரலும் போயிடும். அடிப்படைக் குரல் ஒண்ணுதான் மிஞ்சும். கேக்கறீங்களா?”

கேட்டேன். தகர டப்பாவுக்குள் தவளை விழுந்த மாதிரி இருந்தது.

“எதுக்கும் அந்தத் தேன் குரல மட்டும்…” என்று ஆரம்பித்தேன். கத்தரி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் டாக்ஸி நின்றிருந்தது. கூடத்தில் பை தயாராக இருந்தது. பை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அதற்குள் ஒரு குடித்தனம் நடத்தலாம். மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாமனார் ஜன்னலோரம், நாற்காலி இருந்த வெற்றிடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பெட்டியை நீட்டினேன். இரண்டு தட்டு. கூடாது.

“மாமா, ஒரே ஒரு தடவை.”

இரண்டு தட்டு.

வேறு வழி தெரியவில்லை. அவர் கண்ணெதிரே பெட்டியைப் பிடித்து நானே தட்டினேன். தவளை உடனே கத்தியது:

“மாமா ஒரு கஞ்சன்!”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாரின் முதுகு மெதுவாகத் திரும்பியது. அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார்.

“மாப்பிள்ளை, நீங்க ஒரு அடிமுட்டாள்,” என்றது பெட்டி.

என் வாழ்க்கையில் எந்தப் பாராட்டுக்கும் எனக்குக் கண் கலங்கியதில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொன்ன சொல் சொன்னபடியே, சொன்ன கணமே வந்து விழுந்ததை அவரால் நம்ப முடியவில்லை. இன்னொரு முறை அதையே சொல்லிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு முறை.

“போதும் மாமா, எனக்குப் புரிஞ்சுடுச்சு.”

அவர் என்னை விட்டுவிட்டார். வாசல் பக்கம் திரும்பினார். மாமியார் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார்.

“அதுல என்ன, இஸ்திரிப் பெட்டியா?” என்றது தவளை.

மாமியார் நின்றார். திரும்பவில்லை.

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“உங்க அக்கா வீட்ல இஸ்திரிப் பெட்டி கெடையாதா?”

“இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன்.”

“குடை ரெண்டு எதுக்கு? ஒண்ணு மழைக்கு, இன்னொண்ணு உன் வாய்க்கா?”

மாமியார் பையைத் தொப்பென்று கீழே போட்டார். திரும்பினார். இடுப்பில் கை வைத்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன், செடிக்குத் தண்ணீர் ஏறுவது மாதிரி.

“யாரு வாயப் பத்தி யாரு பேசறது? இத்தனை நாளா வெண்ணெய் தடவின மாதிரி பேசிட்டு, நான் செருப்ப மாட்டினதும் நாக்கு நீளுதோ?”

“அது நான் இல்லடி! இந்த மேதாவி மாப்பிள்ள வெச்ச பொம்பள! சூப்பு கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவ நல்லா இருக்குன்னுட்டா!”

“கழுவின தண்ணியா? ரெண்டாவது தடவ வாங்கிக் குடிச்சது யாரு?”

“பசி!”

“பால் பொங்கினப்ப என்ன சொன்னீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!”

பெட்டி அதைச் சொன்னது. இங்கே எழுத முடியாது. மாமியார் அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொன்னார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தவளையும் தையல் மெஷினும் போட்டி போட்ட மாதிரி இருந்தது. டாக்ஸிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“வர்றீங்களா, இல்லையாம்மா?”

“இருப்பா, இவருக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்,” என்றார் மாமியார்.

நான் வெளியே போய் டாக்ஸிக்காரரை அனுப்பி வைத்தேன். அந்தப் பதில் அன்றைக்குள் முடியாது என்று எனக்குத் தெரியும்.

நாற்காலிதான் கிடைக்கவில்லை. சாமான் வண்டிக்காரர் அதை எங்கோ கொடுத்துவிட்டார். மாமனார் இப்போது அதற்கும் சேர்த்து என்னைத்தான் ஏலம் விடுகிறார். “நல்ல உயரம், நல்ல நிறம், உள்ள ஒண்ணும் இல்ல, யாருக்கு வேணும்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் தவளைக் குரலில் கேட்கிறார். இதுவரை யாரும் வாங்கவில்லை.

போன வாரம் போயிருந்தேன். மாமியார் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டிவிட்டு, முக்காலி மேல் ஒரு மெத்தை வைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய துணியில் அவரே தைத்தது. முதுகுக்கும் சாய்மானமாக ஒன்று. மாமனார் வந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். பெட்டியை எடுத்தார். மாமியார் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தார்.

“நன்றி,” என்றது பெட்டி.

மாமியாரின் முகம் மாறியது. “ஐயையோ! மாப்பிள்ள, பாருங்க, மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சு! அந்தப் பொம்பள இன்னும் உள்ளதான் இருக்கா!”

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். உள்ளே எவளும் இல்லை. கத்தரி கை வைத்த இடத்தில் புல் கூட முளைக்காது. சின்னத் திரையில் அவர் தட்டிய எழுத்துகள் அப்படியே நின்றிருந்தன, கூட்டாமல் குறைக்காமல். நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தபடி, சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். கூடாது.

“ஆமா அத்தை,” என்றேன். “கொஞ்சம் மிச்சம் இருக்கு போல. எடுத்துடட்டுமா?”

மாமியார் மெத்தையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

“வேணாம், விடுங்க,” என்றார். “எதுக்கும் இருக்கட்டும்.”